தறிக்கு ஏது வாசம்

ஞானாபரணத்துக்குச் சமையற்கட்டில் தெரிந்த வேலை இரண்டே இரண்டு. ஒன்று, சுக்குக் காப்பி வைப்பது. இன்னொன்று, "சோறு ஆச்சா?" என்று நிலைப்படியில் நின்று கேட்பது. ஐம்பத்தெட்டு வயது வரைக்கும் இந்த இரண்டை வைத்தே காலத்தை ஓட்டிவிட்டார். அப்படிப்பட்ட மனுசன், ஆடிச் சாரல் விடாமல் தூறிக்கொண்டிருந்த ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம், எருமைத் தயிர்ச் சட்டியை மேடைமேல் வைத்துக்கொண்டு, கையைக் கழுவுவதும் துடைப்பதும் மறுபடி கழுவுவதுமாக நின்றார். இருட்டிலும் தடவிப் பார்த்தே அறுந்த இழைக்கு முடிச்சுப் போடுகிற கை அது. தயிரை எப்படிக் கையாளுவது என்று மட்டும் அதற்குத் தெரியவில்லை.

உள்ளறையில் மருமகள் ஃபெமினா சுருண்டு படுத்திருந்தாள். மூன்றாவது மாதம். மசக்கை எல்லாருக்கும் வருவதுதான், நாலு நாள் புரட்டும், பிறகு மாங்காய் கேட்கும் என்று ஊரே ஆறுதல் சொன்னது. இவளுக்கு மாங்காய் கேட்கவில்லை. கஞ்சி குடித்தால் கஞ்சி வந்தது, தண்ணீர் குடித்தால் தண்ணீர் வந்தது. டாக்டரம்மா எடை பார்த்துவிட்டு, எந்திரம் சரியில்லையோ என்று அதை ஒரு தட்டுத் தட்டி மறுபடி ஏறச் சொன்னார். எந்திரம் சரியாகத்தான் இருந்தது. திங்கட்கிழமை வரைக்கும் பார்ப்போம், அதற்குள் வயிற்றில் ஏதாவது தங்கி எடை நின்றால் சரி, இல்லாவிட்டால் கோயமுத்தூருக்கு எழுதித் தருகிறேன், படுக்க வைத்து டிரிப்ஸ் ஏற்ற வேண்டியதுதான், இப்படியே போனால் பிள்ளைக்கும் நல்லதில்லை என்று சொல்லிவிட்டார்.

அந்தப் 'பிள்ளைக்கும்' என்ற சொல் ஞானாபரணத்தின் நெஞ்சில் மீன்முள் மாதிரி குறுக்கே நின்றுகொண்டது. விழுங்கவும் முடியவில்லை, துப்பவும் முடியவில்லை.

வீட்டில் வேறு ஆள் இருந்தால் அவர் ஏன் தயிர்ச்சட்டியைத் தொடப்போகிறார்? மனைவி ஜெபமணி, மகள் டீனாவின் பிரசவத்துக்காகத் திருப்பூர் போனவள் இன்னும் திரும்பவில்லை. பச்சை உடம்புக்காரியை விட்டுவிட்டு எப்படி வருவாள்? மகன் ஜெஃபின் குஜராத்தில் காற்றாலைக் கம்பெனியில் இன்ஜினியர். லீவு கேட்டிருக்கிறான், கிடைத்தபாடில்லை. ஃபெமினாவுக்குத் தாய் இல்லை. அப்பா ஜெரால்டு கோயமுத்தூர் காந்திபுரத்தில் ஒரு லாட்ஜில் மேனேஜர். அந்த லாட்ஜிலேயே ஓர் அறையில் படுத்து எழுந்திருப்பவர். மகளை அவர் எங்கே கூட்டிப்போய் வைத்துக்கொள்வார்? ஆக, அந்தப் பெண்ணையும் அவள் வயிற்றுப் பிள்ளையையும் பார்த்துக்கொள்ள இருந்தது ஞானாபரணம் ஒருத்தர்தான். ஜெபமணி தினமும் போனில், நான் வந்து பார்க்கும்போது புள்ளை எலும்பாக இருந்தால் உங்களைத்தான் கேட்பேன் என்று வேறு சொல்லி வைத்திருந்தாள்.

கருமத்தம்பட்டியில் அவர்கள் வீடு இருக்கிற வளவில் ஞானாபரணத்தைத் தெரியாதவர்கள் கிடையாது. பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டுவிட்டு அடுத்தவர் தறிக் குடோனில் ஊடைநூலைத் தார்க் குச்சியில் சுற்றப் போனவர். பிறகு தறி ஓட்டினார், பிறகு மேஸ்திரி ஆனார், பிறகு ஒவ்வொன்றாக ஆறு தறி சொந்தமாகப் போட்டார். வீட்டுக்கும் குடோனுக்கும் நடுவே ஒரே ஒரு சுவர். அந்த ஆறு தறியும் காடாத் துணி நெய்து நெய்து ஜெஃபினை அந்த வளவின் முதல் இன்ஜினியர் ஆக்கின. பட்டம் வாங்கின அன்றைக்கு மகனை மாதா கோயிலுக்குக் கூட்டிப்போவதற்கு முன்னால் குடோனுக்குள் கூட்டிப்போய், ஒவ்வொரு தறியையும் தொட்டுக் கும்பிடச் சொன்னார். "பங்குச் சாமியாருக்குத் தெரிஞ்சா திட்டுவாருங்கப்பா" என்று அவன் சிரித்தான். ஆண்டவர் கோவித்துக்கொள்ள மாட்டார் என்றார் இவர்.

ஃபெமினா மருமகளாக வந்த புதிதில், மாமனார் எப்போதும் கோபமாகவே இருக்கிறார் என்று நினைத்துக் குளியலறையில் போய் அழுதிருக்கிறாள். தறிச் சத்தத்தில் காது பாதி போனவர். காப்பி கேட்டாலும் சண்டைக்குக் கூப்பிடுகிற மாதிரித்தான் இருக்கும். விசயம் புரிந்த பிறகு அவளும் அதே குரலில் பதில் கொடுக்க ஆரம்பித்தாள். "ஏனுங் மாமா, நான் இங்கதான் இருக்கறனுங்க, பஸ் ஸ்டேண்டுல இல்லீங்க" என்பாள். அதிலிருந்து அவருக்கு அவள்மேல் தனிப் பிரியம். அந்தக் குரல் ஒரு மாதமாக எழும்பவில்லை. அதுதான் அவருக்கு எடை எந்திரத்தைவிடப் பயமாக இருந்தது.

முந்தின நாள், கஞ்சி டம்ளரை அப்படியே திருப்பிக் கொடுத்துவிட்டு, அவளாகவே ஒன்று சொன்னாள். சிநேகிதியின் கல்யாண வரவேற்பில், நறுக்கின பழத்துக்குத் தொட்டுக்கொள்ள வெள்ளையாக, கெட்டியாக ஒன்று வைத்திருந்தார்களாம். புளிப்பும் இனிப்புமாக இருக்குமாம்.

"அதை நெனைச்சா மட்டும் வயித்தைப் பொரட்டலீங் மாமா."

அவ்வளவுதான் சொன்னாள். ஞானாபரணம் செருப்பைக்கூடச் சரியாக மாட்டாமல் யாஸ்மின் வீட்டுக்கு ஓடினார். யாஸ்மின் இரண்டு தெரு தள்ளி இருப்பவள். வீட்டிலேயே பிறந்தநாள் கேக் செய்து கொடுப்பவள். வெள்ளையாக, கெட்டியாக, பழத்துக்கு என்று இவர் கையால் காற்றில் பிசைந்து காட்டினதைப் பார்த்து அவள் முதலில் சுண்ணாம்பு கேட்கிறாரோ என்று நினைத்தாளாம்.

புரிந்த பிறகு, அது ஒன்றும் பெரிய வித்தை இல்லை என்றாள். கெட்டித் தயிரைத் துணியில் கட்டி பிரிட்ஜுக்குள் ராத்திரி முழுக்கத் தொங்கவிட்டால் தண்ணீர் வடிந்து வெண்ணெய் மாதிரி நிற்கும். அதில் பொடித்த சர்க்கரையும் கொஞ்சம் தேனும் போட்டு, சிட்டிகை உப்புப் போட்டு, எலுமிச்சம்பழத் தோலைத் துளியூண்டு துருவி, மரக்கரண்டியால் நுரைக்க அடித்தால் முடிந்தது. டிப்பு என்று பெயர். மற்ற நாளாக இருந்தால் வெனிலா எசன்ஸ் விடுவேன், மாசமாக இருக்கிற பெண்ணுக்கு எந்த வாசமும் ஆகாது, ஏலக்காய்கூட வேண்டாம் என்றாள்.

"துணி மட்டும் சுத்தமா இருக்கோணுங்ணா."

"ஏனம்மணி, தறிக்காரன் ஊட்டுலயா துணிக்குப் பஞ்சம்?"

சொன்னபடியே செய்தார். அன்றைக்கு இறங்கின காடாத் துணியில் ஒரு முழம் கிழித்தார். புதுத் துணியில் பாவு நூல் விறைப்பாக நிற்கப் போட்ட கஞ்சி இருக்கும் என்று தெரியாதவரா அவர்? வெந்நீரில் போட்டுக் கொதிக்கவிட்டார். தண்ணீரை ஊற்றிவிட்டு மறுபடி கொதிக்கவிட்டார். வெளியில் சாரல், கொடியில் போட்டால் காயாது. அதனால் குடோனுக்குள், ஓடுகிற மோட்டாருக்கு மேலே கட்டியிருக்கிற கம்பியில் போட்டார். அரை மணியில் அப்பளமாகக் காய்ந்துவிட்டது. மோந்து பார்த்தார். எதுவும் இல்லை. பிள்ளையைக் குளிப்பாட்டுகிற மாதிரி கையைக் கழுவித் துடைத்து, தயிரை ஊற்றி, நாலு முனையையும் சேர்த்து நூலால் கட்டி, பிரிட்ஜ் கம்பியில் தொங்கவிட்டார். ராத்திரி எழுந்து எழுந்து போய்க் கதவைத் திறந்து பார்த்தார். சொட்டுச் சொட்டாக வடிந்துகொண்டிருந்தது.

சனிக்கிழமை காலை ஊட்டிப் பேரிக்காய், ஆப்பிள், விதையில்லாத் திராட்சை எல்லாம் தட்டில் அடுக்கினார். பப்பாளியும் அன்னாசியும் மாசமானவள் கண்ணில்கூடப் படக்கூடாது என்று ஜெபமணி போனில் மிரட்டியிருந்ததால், பழக்கடையில் அந்தப் பக்கமே திரும்பவில்லை. நடுவில் வெள்ளைவெளேரென்று கிண்ணம். அவரே ஒரு விரல் தொட்டு வைத்துப் பார்த்தார். நன்றாகத்தான் இருந்தது. இத்தனை நாள் இப்படி ஒரு பண்டம் இருப்பதே தெரியாமல் போயிற்றே என்றுகூடத் தோன்றியது.

ஃபெமினா எழுந்து உட்கார்ந்தாள். தட்டைப் பார்த்ததும் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது. அதை அவர் பார்த்தார், சத்தியமாகப் பார்த்தார். ஒரு பேரிக்காய்த் துண்டை எடுத்து, தொட்டு, வாய்க்குப் பக்கத்தில் கொண்டுபோனாள். கை அங்கேயே நின்றது. கண்ணோரம் சுருங்கியது. துண்டைத் தட்டில் வைத்துவிட்டு, ரொம்ப நன்றாக இருக்கும்போல இருக்கிறது, கொஞ்சம் பொறுத்துச் சாப்பிடுகிறேன் என்றாள். அவர் அறையைத் தாண்டுவதற்குள் பின்னால் அவள் ஓடுகிற சத்தம், குளியலறைக் கதவு, பிறகு அந்தக் குமட்டல். அந்தக் காது பாதிதான் கேட்கும். இந்தச் சத்தம் மட்டும் முழுசாகக் கேட்டது.

எருமைத் தயிர் வாடை ஆகவில்லை என்று முடிவு பண்ணினார். மாடு வைத்திருக்கிற கோபாலசாமி வீட்டுக்குப் போய்ப் பசும்பால் கேட்டு வாங்கி, உறை ஊற்றி, அன்றைக்கு ராத்திரி மறுபடி கட்டினார். இந்தத் தடவை இன்னொரு முழம் புதுசாகக் கிழித்து, மூன்று தண்ணீர் கொதிக்கவிட்டு, இன்னும் நன்றாகக் காயட்டும் என்று மோட்டாருக்கு மேலேயே கூடுதல் நேரம் போட்டு வைத்தார். நடுவில் நடுவில் அறை வாசலில் போய் நின்று, கண்ணு, தண்ணியாவது குடிக்கிறாயா என்று கேட்டார். கேட்ட ஒவ்வொரு தடவையும் அவள் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டு, "வேண்டாங் மாமா, நீங்க போய் வேலையைப் பாருங்க" என்றாள். நம்மேல் ஏதாவது வருத்தமோ என்று அவருக்கு ஓர் எண்ணம் வந்தது. உடனே, ச்சே என்று அதைத் தள்ளிவிட்டார். தள்ளின எண்ணம் திரும்பத் திரும்ப வந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலை, முதல் பூசைக்குப் போய்விட்டு வந்து இரண்டாவது கிண்ணத்தை நீட்டினார். இந்தத் தடவை அவள் துண்டை எடுக்கவே இல்லை. கிண்ணம் கட்டிலுக்குப் பக்கத்தில் வரும்போதே முந்தானையை மூக்கில் வைத்துக்கொண்டாள். முந்தானையை வைத்ததும் இன்னும் அதிகமாகப் புரட்டிக்கொண்டு வந்தது. வயிற்றில் ஒன்றும் இல்லாததால் வெறும் பித்தநீர். அவள் தலையைப் பிடித்துக்கொள்ளலாம் என்று போனார். கையாலேயே வேண்டாம் என்று தடுத்தாள்.

நாளைக்குத் திங்கட்கிழமை.

அந்த நேரத்தில்தான், டிப்பு என்ன ஆயிற்று என்று கேட்க யாஸ்மின் வந்தாள். ஞானாபரணம் மேடைமேல் இரண்டு கையையும் ஊன்றிக்கொண்டு நின்றார். எருமைத் தயிரில் செய்ததும் அப்படியே இருக்கிறது, பசுந்தயிரில் செய்ததும் அப்படியே இருக்கிறது, எனக்கு நன்றாகத்தான் இருக்கிறது, அவளுக்குத்தான் ஆகவில்லை என்றார். யாஸ்மின் கிண்ணத்தை எடுத்து முகத்துக்கு நேரே கொண்டுபோனவள், சட்டென்று தள்ளிப் பிடித்தாள்.

"அண்ணா, இதுல தறி வாசம் வருதுங்ணா."

"தறிக்கு ஏது வாசம்?"

அவர் வேண்டுமென்று கேட்கவில்லை. உண்மையாகவே அவருக்குப் புரியவில்லை. தறிக்குச் சத்தம் உண்டு, தூசி உண்டு, கரண்டு பில் உண்டு. வாசம் என்று ஒன்று இருப்பதாக இதுவரைக்கும் யாரும் அவரிடம் சொன்னதில்லை.

யாஸ்மின் தயங்கித் தயங்கிச் சொன்னாள். ஆயில் வாசம், பஞ்சு வாசம், பாவுக் கஞ்சி புளித்த மாதிரி ஒன்று, மோட்டார் சூட்டில் தோல் பட்டை கருகுகிற மாதிரி ஒன்று, எல்லாம் சேர்ந்த ஒரு வாசம். தெரு முனையில் திரும்பினாலே வரும். வருகிறவர்களுக்குத் தெரியும். இங்கேயே இருக்கிற உங்களுக்கு எப்படித் தெரியும்? துணியை எங்கே காயப் போட்டீர்கள்?

அவர் சொன்னார். அவள் தலையில் கையை வைத்துக்கொண்டாள்.

ஞானாபரணம் கிண்ணத்தை வாங்கி மோந்து பார்த்தார். தயிர்தான். கொடியில் கிடந்த துண்டை எடுத்து மோந்தார். துண்டுதான். நேராக உள்ளறை வாசலுக்குப் போனார். நிலைப்படியைத் தாண்டாமல் நின்றுகொண்டு, மெதுவாகப் பேச முயன்று, வழக்கம்போல் சத்தமாகவே கேட்டார்.

"கண்ணு, தறி வாசம் உனக்கு ஆகலையா?"

ஃபெமினா யாஸ்மினைப் பார்த்தாள். பிறகு அவரைப் பார்த்தாள். கண்ணில் தண்ணீர் கட்டிக்கொண்டது.

"தப்பா எடுத்துக்காதீங் மாமா. முந்தியெல்லாம் எனக்கும் தெரியாதுங்க. இப்பத்தான். சோத்துல வருதுங்க, தண்ணியில வருதுங்க, தலைகாணியில வருதுங்க. என்ற சீலையிலயே வருதுங்க."

நிறுத்தினாள். சொல்லலாமா என்று யோசித்தது தெரிந்தது.

"நீங்க டம்ளரை நீட்டறப்ப, உங்க கையில வருதுங்க."

அவர் தன் கையைப் பார்த்தார்.

"ஏஞ்சாமி சொல்லல?"

"அவரு என்னைப் பொண்ணுப் பாக்க வந்தன்னைக்கே சொன்னாருங்க, இந்தத் தறிதான் என்னை இன்ஜினியர் ஆக்குச்சுன்னு. அதைப் போயி நாறுதுன்னு நான் எந்த வாயில சொல்றதுங்க?"

ஞானாபரணத்துக்குக் கோபமோ அவமானமோ வரவில்லை. வந்தது பயம். கொஞ்ச நஞ்சப் பயமில்லை. இந்த ஒரு மாதமாக அவர் ஒவ்வொரு மணிக்கும் போய் நின்று, குடிக்கிறாயா, சாப்பிடுகிறாயா என்று கேட்டிருக்கிறார். கேட்கப் போகும்போதெல்லாம் அந்த வாசத்தையும் எடுத்துக்கொண்டு போயிருக்கிறார். கஞ்சியோடு கொடுத்திருக்கிறார், மாத்திரையோடு கொடுத்திருக்கிறார். எடை குறைந்ததில் தன் பங்கு எவ்வளவு? அதற்குமேல் நினைக்க அவருக்குத் தைரியம் வரவில்லை. நிலைப்படியிலிருந்து இரண்டடி பின்னால் நகர்ந்துகொண்டார்.

வெளியே வந்து ஜெபமணிக்குப் போன் போட்டார். தறிக்கு வாசம் இருக்கிறதாமே, உனக்குத் தெரியுமா என்று கேட்டார். அந்தப் பக்கம் அவள் சிரித்தாள். ஜெஃபின் வயிற்றில் இருந்தபோது, தறியை ஒட்டி நாம் குடியிருந்த ஒற்றை அறையில் ஒரு வாய் இறங்கவில்லை, அதனால்தான் மூன்று மாதம் பக்கத்து வளவு மாட்டுக் கொட்டகையில் போய் உட்கார்ந்து சாப்பிட்டேன், ஞாபகம் இருக்கிறதா என்றாள். நன்றாக ஞாபகம் இருந்தது. மாட்டுக்காரி என்று அப்போது கேலி பண்ணியிருக்கிறார். இவளுக்கு மாடு என்றால் உயிர் என்று ஊரெல்லாம் சொல்லியும் இருக்கிறார்.

"சொல்லியிருக்கலாமல்ல?"

"சொன்னா தறியை நிறுத்திப்போடுவீங்களாக்கும்" என்றாள். "அப்புறம் பழகிப்போச்சுங்க. எனக்கே இத்தன நாள் மறந்துபோச்சு, அதுதான் அந்தப் புள்ளைக்குச் சொல்லத் தோணல. மொதல்ல அவளை அந்த ஊட்டை உட்டு வெளிய கூட்டிட்டுப் போங்க."

கூட்டிப்போனது யாஸ்மின். அவள் வீட்டு மாடி அறை காலியாகத்தான் இருந்தது. பாய், தலையணை, மாற்றுச் சேலை என்று எதையும் இங்கிருந்து கொண்டுவரக் கூடாது என்று கறாராகச் சொல்லிவிட்டாள். போனவுடன் ஃபெமினாவைத் தலைக்குக் குளிக்க வைத்து, தன்னுடைய நைட்டியைக் கொடுத்து, ஜன்னலோரம் உட்கார வைத்தாள். தயிர் அவளே வாங்கினது. துணி, துவைத்துத் துவைத்து நைந்துபோன அவளுடைய பழைய பருத்தித் துப்பட்டா. ராத்திரி முழுக்கக் காத்திருக்க நேரமில்லை என்று, கட்டின மூட்டைமேல் தண்ணீர்ச் செம்பைப் பாரம் வைத்துச் சாயங்காலத்துக்குள் வடிய வைத்தாள். தண்ணீர் பிடித்துக் கொடுக்கட்டுமா, பழமாவது நறுக்கட்டுமா என்று ஞானாபரணம் அவள் வீட்டு வாசல் கேட்டைப் பிடித்துக்கொண்டு கேட்டார். ஒன்றையும் தொடாமல் இருந்தாலே பெரிய உதவி என்று அவள் சிரிக்காமல் சொன்னாள்.

அவரும் குளித்திருந்தார், இரண்டு தடவை. சோப்பு கரையக் கரையத் தேய்த்திருந்தார். இருந்தாலும் நம்பிக்கை இல்லை. தோளை மோந்தார், முழங்கையை மோந்தார், ஒன்றும் தெரியவில்லை. ஒன்றும் தெரியாததுதான் இப்போது அவரைக் கதிகலங்க வைத்தது. ஆடிக் காற்று பாலக்காட்டுப் பக்கமிருந்து கிழக்கே அடித்துக்கொண்டிருந்தது. தன் மேல் பட்ட காற்று அந்த ஜன்னலுக்குப் போகக் கூடாது என்று, வீட்டைச் சுற்றி நடந்துபோய்க் கிழக்கு ஓரத்தில், சாரலில், ஒரு பப்பாளி மரத்துக்குக் கீழே நின்றுகொண்டார். அங்கிருந்து பார்த்தால் ஜன்னலில் அவள் தலையும் தோளும் தெரிந்தன.

யாஸ்மின் தட்டைக் கொண்டுபோய் வைத்தாள். ஃபெமினா உடனே தொடவில்லை. தொடாமல் அவள் உட்கார்ந்திருந்த நேரத்தில் ஞானாபரணம், மாதாவே மாதாவே என்று அதற்கு அடுத்த வார்த்தை வராமல் அதையே சொல்லிக்கொண்டிருந்தார். பிறகு அவள் கை போனது. வாய்க்குப் போனது. தாடை அசைந்தது. நிறுத்தினாள். அவர் மரத்தைப் பிடித்துக்கொண்டார். தாடை மறுபடி அசைந்தது.

இன்னொரு துண்டு எடுத்தாள்.

உள்ளே போனது பெரிதில்லை, உள்ளே இருப்பதுதான் பெரிது என்று அவருக்குத் தெரியும். இந்த ஒரு மாதத்தில் எத்தனை தடவை நம்பி ஏமாந்தாயிற்று. அவள் எழுந்து ஓடுகிறாளா என்று ஜன்னலையே பார்த்தபடி நின்றார். சட்டை முழுக்க நனைந்தது. கோயில் மணி அடித்தது. தெருவில் போன கோபாலசாமி, ஏனப்பா இங்க நிக்கற, பப்பாளி திருடவா என்று கேட்டுவிட்டுப் போனார். ஜன்னலில் விளக்குப் போட்டார்கள். அவள் ஓடவில்லை. சுவரில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டாள். ஒரு தடவை நெஞ்சில் கையை வைத்தாள். வைத்த கையைக் கீழே இறக்கிக்கொண்டாள்.

கொஞ்ச நேரம் கழித்து அவளே ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்த்தாள். இருட்டிக்கொண்டு வருகிற சாரலில் மரத்தடியில் நிற்கிறவரைக் கண்டுபிடிக்க அவளுக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது.

"ஏனுங் மாமா, நனையறீங்க. ஊட்டுக்குப் போங்க."

ஒரு மாதமாகக் கேட்காத குரல். பலம் இல்லைதான். ஆனால் அவருக்குக் கேட்கிற அளவுக்குச் சத்தமாக இருந்தது.

"நிக்குதா கண்ணு?" என்று கேட்டார். தெருவே திரும்பிப் பார்த்தது.

"இப்பத்திக்கு நிக்குதுங்க. இன்னும் ரெண்டு துண்டு திங்கலாம்னு இருக்கறனுங்க."

அவருடைய கால் தானாக ஓரடி எடுத்து வைத்தது. சட்டென்று நின்று, காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று பார்த்து, பழைய இடத்துக்கே திரும்பி வந்தார். நாளைக்கு டாக்டரம்மாவிடம் யாஸ்மினோடு ஆட்டோவில் போ, நான் பின்னால் பஸ்ஸில் வந்துவிடுகிறேன் என்று சத்தம் போட்டுச் சொன்னார். எந்திரம் என்ன காட்டப்போகிறதோ தெரியாது. இப்போதைக்கு அவள் மூன்றாவது துண்டைக் கிண்ணத்தில் தோய்த்துக்கொண்டிருந்தாள். அது வாய்க்குப் போகிற வரைக்கும் அவர் அந்த இடத்தை விட்டு நகரவில்லை.